இந்த நரம்பணு அதே நரம்பணுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அட்டையின் உடலில் இன்ன நரம்பணு, புழுவின் தலையில் இன்ன நரம்பணு என்று ஆய்வாளர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். ஓர் அட்டையில் பார்த்த நரம்பணுதான் இன்னோர் அட்டையிலும் இருக்கிறது என்பதை எப்படி உறுதிசெய்கிறார்கள்? நம் தோட்டப்புறத்தில் கிடைக்கும் உயிரினங்களைக் கொண்டு பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா?" பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் வேலை செய்துவிட்டு இப்போது இதே ஊரில் ஓய்வாக இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு விடை நீளமானது. இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சுட்டி, இதற்கு இணையானது இன்னொருவரின் மூளையில் இதோ இருக்கிறது என்று காட்ட இயலாது. அது எந்த வகையைச் சேர்ந்தது என்று மட்டுமே சொல்லலாம். சிற்றுயிர்கள் பலவற்றில் நிலைமை வேறு. நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் அளவில் பெரியது, கருவளர்ச்சியில் ஒவ்வொன்றும் பிறக்கும் வரிசை பெரும்பாலும் மாறாதது. ஆகவே ஒரே இனத்தைச் சேர்ந்த எல்லா விலங்குகளிலும் ஒரே நரம்பணுவைத் தேடிப் பிடிக்க முடிகிறது.

ஆனால் பெயர் வைத்துவிட்டதனால் மட்டும் ஒரு நரம்பணுவை அடையாளம் கண்டதாக ஆகிவிடாது. நாளை வேறொரு விலங்கைத் திறந்து, அதே இடத்தில் ஓர் உயிரணுவைத் தேர்ந்தெடுத்து, நுண்மின்முனையைச் செருகுவதற்கு முன்பே அது எப்படித் துடிக்கும் (அதாவது எவ்வகை மின்துடிப்பை எழுப்பும்), எந்தத் தசைக்கு இழை அனுப்பும், எதைத் தொட்டால் விழித்தெழும் என்று சொல்லிவிட்டு, பிறகு செருகிப் பார்க்கும்போது சொன்னபடியே நடக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்ல உதவாத அடையாளத்தை நான் அடையாளமாக ஏற்பதில்லை. கீழே நான் சொல்லும் முறைகள் அனைத்தும் இந்தச் சோதனையைத் தாங்குவதற்காகவே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை.

அட்டையிலிருந்து தொடங்குவோம். நம் செம்பனைத் தோட்டங்களில் மழைக்குப் பிறகு காலில் ஏறும் அட்டை அன்று, ஐரோப்பிய மருத்துவ அட்டைதான் இந்தத் துறையின் பழைய ஆய்வு விலங்கு. அதன் வயிற்றுப்பக்கமாக ஓடும் நரம்பு வடத்தில், தலைமூளைக்கும் வால்மூளைக்கும் இடையே 21 நரம்பு முடிச்சுகள் கோத்தாற்போல் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு முடிச்சும் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் ஏறத்தாழ 400 நரம்பணுக்கள். அவற்றின் உடல்கள் முடிச்சின் மேற்பரப்பில் ஒற்றை அடுக்காகப் படிந்திருப்பதால், சாதாரணப் பகுப்பு நுண்ணோக்கியிலேயே ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம். வயிற்றுப்பக்கத்தின் நடுவில் எல்லாவற்றிலும் பெரியவையாக இரண்டு உயிரணுக்கள் தெரியும். சுவீடன் நாட்டு உடற்கூற்றியலர் குஸ்தாஃப் ரெட்சியஸ் 1891-இல் விவரித்ததனால் அவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நியூட்ரல் ரெட் என்னும் சாயத்தில் முடிச்சை ஊறவைத்தால் இவை சிவப்பாகத் தெரியும், ஏனெனில் இவற்றில் செரோட்டோனின் நிறைந்திருக்கிறது. ஆக இடம், அளவு, வேதியியல் ஆகிய மூன்று சாட்சிகள் தனித்தனியே ஒரே உயிரணுவைச் சுட்டுகின்றன.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தொடு உணர்வு நரம்பணுக்கள். ஜான் நிக்கோல்ஸ், டெனிஸ் பேய்லர் ஆகிய இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு முடிச்சிலும் மூன்று வகை உணர் நரம்பணுக்களைப் பிரித்துக் காட்டினார்கள். தோலை மெல்ல வருடினால் துடிப்பவை டி உயிரணுக்கள், அழுத்தினால் துடிப்பவை பி உயிரணுக்கள், கிள்ளினாலோ குத்தினாலோ மட்டும் துடிப்பவை என் உயிரணுக்கள். ஒரு முடிச்சில் டி வகை ஆறு, பி வகை நான்கு, என் வகை நான்கு. விலங்கு மாறினாலும் எண்ணிக்கை மாறுவதில்லை. தோலைத் தொடாமல், மின்முனை வழியாகச் சிறிது மின்னோட்டம் செலுத்தித் துடிக்கவைத்தாலே வகை தெரிந்துவிடும், ஏனென்றால் மூன்றின் மின்துடிப்பும் உருவத்தில் வேறுபடுகின்றன. மேலும், ஒவ்வொன்றும் தோலில் தனக்கென ஒரு பரப்பைக் காவல் காக்கிறது. முதுகுப்பக்கத்துத் தோலுக்கு உரிய பி உயிரணு எது, வயிற்றுப்பக்கத்துக்கு உரியது எது என்று முடிச்சைப் பார்த்தே சொல்லிவிட்டு, பிறகு அந்த இடத்தை அழுத்திச் சரிபார்க்கலாம். நான் மேலே கேட்ட முன்கூட்டிச் சொல்லும் தகுதி இங்கே முழுமையாக இருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். ஹிருடோ மெடிசினாலிஸ் என்று பெயரிட்டு ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்பட்டு வந்த மருத்துவ அட்டைகள் உண்மையில் ஹிருடோ வெர்பானா என்னும் நெருங்கிய வேறோர் இனம் என்று 2007-இல் மரபணு ஒப்பீடு காட்டியது. நரம்பணுவின் பெயரைச் சரியாகச் சொன்ன ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் விலங்கின் பெயர் தவறாக இருந்திருக்கிறது! நரம்பணுக்களைப் பற்றிய முடிவுகள் இதனால் கவிழ்ந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது, ஏனெனில் நெருங்கிய இனங்களில் இதே நரம்பணுக்கள் ஏறக்குறைய அப்படியே திரும்ப வருகின்றன.

கடல் முயல் எனப்படும் கடல் நத்தையான அப்லீசியாவைப் பற்றிப் பாடநூல்களில் நிறைய இருப்பதால் இங்கே சுருக்கமாகக் கடந்து செல்கிறேன். அதன் ஆர்2 என்னும் நரம்பணு ஒரு மில்லிமீட்டர் வரை வளரக்கூடியது. 1967-இல் எரிக் காண்டெல் குழுவினர் அதன் வயிற்று நரம்பு முடிச்சில் 30 உயிரணுக்களுக்கு வரைபடம் கொடுத்தார்கள். நினைவாற்றல் பற்றி அவர் பின்னர் செய்த வேலைக்கு, 2000-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வேலைக்கு, இந்த வரைபடம் இல்லாமல் வழியே இருந்திருக்காது.

இடமும் துடிப்பும் போதாத இடத்தில் உருவம் துணைக்கு வருகிறது. உயிரணுவின் உடல் பார்வைக்கு வெறும் உருண்டை. அதன் தனித்தன்மை கிளைகளில்தான் இருக்கிறது. 1968-இல் ஆண்டனி ஸ்ட்ரெட்டன், எட்வர்ட் கிராவிட்ஸ் ஆகியோர் கடல் சிங்கிறாலின் நரம்பணுவுக்குள் புரோசியான் மஞ்சள் என்னும் ஒளிரும் சாயத்தை நுண்குழாய் வழியே செலுத்தி, கிளைகள் முழுவதையும் காட்டினார்கள். மின்பதிவு எடுத்த அதே உயிரணுவையே பிறகு உருவமாகவும் பார்க்க முடிந்தது என்பதுதான் இதன் சிறப்பு. பத்தாண்டுகள் கழித்து வந்த லூசிஃபர் மஞ்சள் இன்னும் பிரகாசமாக ஒளிர்ந்தது. இப்படிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது முக்கியக் கிளைகள் எல்லா விலங்கிலும் ஒரே பாதையில் செல்வதும், நுனிக் கிளைகள் விலங்குக்கு விலங்கு மாறுவதும் ஒருங்கே தெரிந்தன.

இப்போது புழுவுக்கு வருவோம். தோட்டத்து டிரசர் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்து வெளியேற்றிய நாக்குப்பூச்சியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சாண் நீளத்தையும் தாண்டி வளரும் அந்த அஸ்காரிஸ் புழுவின் தலைப்பகுதியை, ஜெர்மானியரான ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் மெல்லிய சீவல்களாக வெட்டி, நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, 162 என்று 1908-இல் எழுதினார். எத்தனை புழுக்களை வெட்டினாலும் அதே எண், அதே இடங்கள். ஒரு நரம்பு மண்டலத்தில் உயிரணுக்களுக்கு நிலையான பட்டியல் இருக்கலாம் என்பதை முதலில் அழுத்தமாக நிறுவிய வேலைகளில் இது ஒன்று. நம்மை வருத்திய புழுவுக்கு இப்படி ஒரு பெருமையும் உண்டு. மேலே சொன்ன ஸ்ட்ரெட்டனும் பின்னர் இதே புழுவின் இயக்க நரம்பணுக்களை ஆராயத் திரும்பினார்.

அஸ்காரிஸின் தூரத்து உறவினர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தப் புழுவை 1960-களில் சிட்னி பிரென்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தேர்ந்தெடுத்தார். நாக்குப்பூச்சி அதனருகில் மலைப்பாம்பு போல இருக்கும். ஆயினும் இரண்டிலும் நரம்பணுக்கள் ஏறக்குறைய 300-தான். எலிகன்ஸின் இருபால் உயிரியில் துல்லியமாக 302. ஜான் வைட், ஐலீன் சவுத்கேட், நிக்கோல் தாம்சன், பிரென்னர் ஆகிய நால்வரும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் ஒவ்வோர் இழையையும் சீவலுக்குச் சீவல் கையால் பின்தொடர்ந்து, 302 நரம்பணுக்களையும் 118 வகைகளாகப் பிரித்து, அவற்றின் இணைப்புகளோடு 1986-இல் வெளியிட்டார்கள். அந்த வரைபடம் ஒரே புழுவிலிருந்து எடுக்கப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படி இல்லை. பல புழுக்களின் பகுதிகளை ஒட்டித்தான் அது முழுமையாக்கப்பட்டது. ஒரு புழுவின் தலையில் நின்ற இழையை இன்னொரு புழுவின் உடலில் தொடர முடிந்தது என்றால், அடையாளம் விலங்கைத் தாண்டிச் செல்லுபடியாகும் என்ற நம்பிக்கை அந்த வரைபடத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தந்தவர் ஜான் சல்ஸ்டன். ஒளி ஊடுருவும் உயிருள்ள முட்டையை நுண்ணோக்கியில் வைத்து, உயிரணுக்கள் பிரிவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைந்தார். அவரும் கூட்டாளிகளும் 1983-க்குள் முட்டையிலிருந்து முதிர்ந்த புழு வரை முழு வம்சாவளியையும் முடித்துவிட்டார்கள். இருபால் உயிரியில் 1,090 உடலணுக்கள் பிறக்கின்றன, அவற்றுள் 131 குறித்த நேரத்தில் இறக்கின்றன, 959 எஞ்சுகின்றன. எது இறக்கும் என்பதுகூட முன்கூட்டியே தெரியும். ஆகவே புழுவின் நரம்பணுவுக்கு இடம், உருவம், இணைப்பு ஆகியவற்றோடு பிறப்பும் சாட்சியாகச் சேர்கிறது. என் பார்வையில் இந்த நான்காவது சாட்சியே மிக வலுவானது, ஏனென்றால் முதல் மூன்றும் பிழைபடும்போது திருத்துவதற்கு இதுதான் இருக்கிறது.

பிழை எங்கே வரும் என்று கேட்கலாம். புழு உயிரோடு இருக்கையில் அதன் தலையில் நரம்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. புழு வளையும்போது அவை நகர்கின்றன. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களின் இடவரிசை ஒரு புழுவில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் சற்று வேறு விதமாகவும் இருக்கிறது. முழு மூளையின் செயல்பாட்டையும் ஒளிப்படமாக எடுக்கத் தொடங்கியபோது ஆய்வாளர்கள் சிக்கிக்கொண்டது இங்கேதான். நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் மின்னுவது தெரிகிறது, எந்தப் புள்ளி யார் என்று தெரியவில்லை. இதற்கு மாற்றாகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஹோபர்ட் ஆய்வுக்குழுவில் உருவாகி 2021-இல் வெளியானதே நியூரோபால் என்னும் புழு வகை. ஒளிரும் புரதத்தை எலிகன்ஸின் தொடு உணர்வு நரம்பணுக்களில் ஏற்றி மார்ட்டின் சால்ஃபி 1994-இல் காட்டிய வழியின் நீட்சி இது. வெவ்வேறு நரம்பணுக்களில் விழித்திருக்கும் மரபணுக்களின் இயக்கப்பகுதிகளோடு சில நிறப் புரதங்களைப் பல கலவைகளில் இணைத்திருப்பதால், ஒவ்வொரு நரம்பணுவும் எல்லாப் புழுக்களிலும் மாறாத ஒரு நிறத்தில் தெரிகிறது. நிறத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிவிடலாம்.

இத்தனை ஒழுங்கான புழுவிலும் தற்செயலுக்கு இடம் உண்டு. வாசனை உணரும் ஏ.டபிள்யூ.சி. என்னும் இணையில் இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டில் ஒன்று மட்டும் எஸ்.டி.ஆர்.-2 என்னும் மரபணுவை இயக்குகிறது. எது இயக்கும் என்பது புழுவுக்குப் புழு மாறுகிறது. சில புழுக்களில் இடது, சிலவற்றில் வலது. 1999-இல் இது வெளியானது. உப்பு உணரும் ஏ.எஸ்.இ. இணையிலோ இதற்கு நேர்மாறு: இடப்பக்கத்தது எப்போதும் சோடியத்துக்கும், வலப்பக்கத்தது எப்போதும் குளோரைடுக்கும் கூடுதலாகப் பதிலளிக்கிறது. இடத்தை வைத்து மட்டும் பெயர் சொல்பவர் இரண்டாவதில் வெற்றி பெறுவார், முதலாவதில் பாதித் தடவை தோற்பார்.

அட்டையிலும் இதுபோன்ற எச்சரிக்கை ஒன்று உண்டு. ரெட்சியஸ் உயிரணுக்கள் எல்லா முடிச்சுகளிலும் இருக்கின்றன என்றாலும், ஐந்தாம், ஆறாம் முடிச்சுகளில் மட்டும் அவை உடற்சுவருக்குச் செல்லாமல் இனப்பெருக்க உறுப்புகளுக்குச் செல்கின்றன. முடிச்சின் எண்ணைக் கேட்காமல் "ரெட்சியஸ் இப்படித்தான் செய்யும்" என்று சொல்வது தவறு. ஒரே பெயருடைய உயிரணுக்களை ஒரே விலங்கின் பகுதிகளுக்கிடையே ஒப்பிடுவதும், வெவ்வேறு விலங்குகளின் ஒரே பகுதியில் ஒப்பிடுவதும் இரு வேறு செயல்கள். மாணவர்கள் மட்டுமல்லர், தேர்ந்தவர்களும் இவ்விரண்டையும் சில நேரங்களில் கலந்துவிடுகிறார்கள்.

அடையாளம் ஒன்றாக இருந்தால் அளவுகளும் ஒன்றாகத்தான் இருக்குமா? இல்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒரே ஒட்டுப் பால்மர வகையை ஒரே நிரையில் நட்டுப் பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்: மரபணு ஒன்றே ஆனாலும் மங்கில் விழும் பால் மரத்துக்கு மரம் வேறு. நண்டு, சிங்கிறால் ஆகியவற்றின் இரைப்பையை இயக்கும் நரம்பு முடிச்சிலும் இதைத்தான் ஈவ் மார்டர் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறார். அந்த முடிச்சில் ஏறத்தாழ 30 நரம்பணுக்களே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவை எழுப்பும் தாளம் விலங்குக்கு விலங்கு மிகவும் ஒத்திருக்கிறது. ஆனால் ஒரே பெயருடைய நரம்பணுவில் உள்ள அயனி வாயில்களின் அளவு விலங்குகளுக்கிடையே இரண்டு முதல் நான்கு மடங்கு வரை வேறுபடுகிறது. வெவ்வேறு அளவுகள் ஒன்றையொன்று ஈடுகட்டி ஒரே தாளத்தைத் தருகின்றன. ஆகையால் பல விலங்குகளில் எடுத்த அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியால் ஒரு கணினி நரம்பணுவைக் கட்டினால், அது எந்த உண்மையான விலங்கையும் போல நடந்துகொள்ளாமல் போகலாம். அடையாளம் என்பது அளவுகளின் ஒற்றுமை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் இடறுகிறார்கள்.

பூச்சிகளில் இப்போது நடக்கும் வேலையின் அளவே வேறு. 2024 அக்டோபரில் வெளியான பழ ஈயின் முழு மூளை வரைபடத்தில் 1,39,255 நரம்பணுக்கள் உள்ளன. அவை 8,400-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பல வகைகளில் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டே நரம்பணுக்கள் இருப்பதால், அங்கே வகையைச் சொல்வதே ஆளைச் சொல்வதாகிவிடுகிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒரு தோல்விதான். 2020-இல் வேறோர் ஈயின் மூளைப் பகுதியிலிருந்து முன்மொழியப்பட்ட வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தப் புதிய மூளையில் நம்பகமாக மீண்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு விலங்கை மட்டும் பார்த்து வகுத்த பிரிவுகள் இரண்டாவது விலங்கைப் பார்த்ததும் தளர்ந்துவிட்டன. அதைப் பட்டியலில் மறைக்காமல் வெளியிட்டது புதிய வரைபடத்தை உருவாக்கியவர்களின் நேர்மை.

இனி இரண்டாவது கேள்வி. அட்டையின் முடிச்சில் மின்முனை செருகுவதற்கு வேண்டிய நுண்செலுத்தியும் மின்பெருக்கியும் பள்ளியில் இருக்காது; புழுவுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். ஆனால் வெட்டுக்கிளி இருக்கிறது. பாலைவன வெட்டுக்கிளியிலும் அதன் உறவினர்களிலும் டி.சி.எம்.டி. என்று அழைக்கப்படும் ஓர் இணை நரம்பணு உண்டு. ஒரு கண்ணை நோக்கி ஏதேனும் விரைந்து வந்தால், அது எதிர்ப்பக்க நரம்பு வடத்தின் வழியே மார்புப் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. கழுத்தருகே உள்ள வடத்தில் பதிவாகும் மின்துடிப்புகளில் இதனுடையதே பெரியது என்பதால், உயிரணுவுக்குள் செருகாமல் வெளியிலிருந்தே பிடிக்கலாம். நம் செம்பனையையும் பால்மரத்தையும் தின்னும் வாலாங்கா நிக்ரிகோர்னிஸ் என்னும் பெரிய வெட்டுக்கிளி, பாலைவன வெட்டுக்கிளி சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. லாலான் காட்டு ஓரத்தில் தேடினால் கிடைக்கும்.

உங்கள் ஆசிரியரின் மேற்பார்வையில், வெட்டுக்கிளியைப் பனிக்கட்டியில் வைத்து முழுமையாக மயக்கமுறச் செய்து, மல்லாத்திப் பொருத்தி, கழுத்தின் மெல்லிய தோலைச் சிறிதளவு விலக்கினால் இரண்டு வெண்மையான வடங்கள் தெரியும். ஒன்றின் அடியில் மெல்லிய வெள்ளிக் கம்பியைக் கொக்கியாக வளைத்துத் தூக்கி, வாசலின் பூசிக் காப்பிட்டு, இன்னொரு கம்பியை வயிற்றில் வைத்து, சிறிய ஒலிபெருக்கிச் சுற்றின் வழியாக மடிக்கணினியில் பதிவு செய்யுங்கள். உடல் சூடேறிய பிறகு ஒரு கறுப்புப் பந்தைக் கண்ணை நோக்கி விரைவாகக் கொண்டுவந்தால் பெரிய துடிப்புகள் வரவர அடர்த்தியாகக் கேட்கும், விலக்கினால் குறையும். திரும்பத் திரும்பச் செய்தால் பதில் மங்கிவிடும், ஆகவே முயற்சிகளுக்கிடையே சிறிது நேரம் விடுங்கள்.

இவை மட்டும் கேட்டதும் டி.சி.எம்.டி.யைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. பெரிய துடிப்புகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டு உயரங்கள் இருந்தால் இரண்டு நரம்பணுக்கள் கலந்திருக்கின்றன. பிறகு வலது வடத்தில் கொக்கி இருக்கும்போது வலது கண்ணைக் கறுப்பு மெழுகால் மூடுங்கள்; பதில் நீடிக்க வேண்டும். அதைத் திறந்து இடது கண்ணை மூடுங்கள். பதில் நிற்க வேண்டும். கொக்கியை இடது வடத்துக்கு மாற்றினால் எல்லாம் தலைகீழாக வேண்டும். என்ன நடக்கும் என்பதைச் சோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, இன்னும் சில வெட்டுக்கிளிகளில் அதையே செய்து பாருங்கள். எல்லாவற்றிலும் எழுதியபடி நடந்தால், "டி.சி.எம்.டி.க்கு இணையான நரம்பணு" என்று எழுதலாம். சாயம் ஏற்றி உருவத்தைப் பார்க்காத வரை அதற்குமேல் எழுத வேண்டாம்.